பரிசு வந்தது, ஆர்வம் போனது: ஊக்கம் பற்றியும் மகிழ்ச்சி பற்றியும் நேர்மறை உளவியல் சொல்வதில் எது நிற்கும்?

நீலக்குடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மென்பொருள் எழுதுவது என் தொழில். தொழிலாவதற்கு முன்பே அது எனக்குப் பிடித்த விஷயம். உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. நான் வேலை செய்யும் இடத்தில் சென்ற ஆண்டு ஒரு புள்ளிமுறை கொண்டுவந்தார்கள். முடிக்கிற ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை புள்ளி, மாதக் கடைசியில் எல்லோர் பெயரும் வரிசையாகப் பலகையில், முதலில் வருபவருக்குப் பரிசு. ஆரம்பத்தில் எல்லோரும் பறந்தோம். நானும் பரிசு வாங்கினேன். இப்போது புள்ளி இல்லாத எந்த வேலையையும் தொடவே மனம் வரவில்லை. வீட்டில் சும்மா ஆசைக்காக எழுதிக்கொண்டிருந்த நிரலும் அப்படியே கிடக்கிறது.

இதற்கு நடுவில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். தினமும் படுக்கும் முன் மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொன்னார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. போகப்போக அது வருகைப் பதிவேடு நிரப்புவது போல ஆகிவிட்டது. அந்தப் பயிற்சியாளர் சொன்ன ஒரு வாக்கியம்தான் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது: "உங்கள் மகிழ்ச்சியில் 50 சதவீதம் மரபணு, 10 சதவீதம் சூழ்நிலை, மீதி 40 சதவீதம் உங்கள் கையில்." அப்படியானால் நான் இப்படி இருப்பதற்கு என் முயற்சி போதவில்லை என்றுதானே பொருள்? நேர்மறை உளவியல் என்ற இந்தத் துறையைப் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

முதலில் அந்த 40 சதவீதத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள், நண்பரே. நான் புள்ளியியல் பக்கம் வேலை செய்பவன். இந்தக் கணக்கு சொல்லப்படும் விதத்தைப் பார்த்துப் பல வருடங்களாக வருத்தப்படுகிறேன்.

2005இல் சோன்யா லூபோமிர்ஸ்கி, கென்னன் ஷெல்டன், டேவிட் ஷ்கேட் மூவரும் எழுதிய ஆய்வுரையில் வந்த எண்கள் அவை. ஒரு மனிதரின் மகிழ்ச்சியை மூன்று துண்டாக வெட்டிச் சொன்னவை அல்ல. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் மகிழ்ச்சி வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் எவ்வளவை எதோடு சேர்க்கலாம் என்ற மதிப்பீடு. இரண்டும் முற்றிலும் வேறு. ஒரு ஊரில் எல்லோருமே ஒரே மாதிரி மோசமான நிலையில் வாழ்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே சூழ்நிலையின் பங்கு பூஜ்யம் என்றுதான் கணக்கு வரும், ஏனென்றால் சூழ்நிலையில் வேறுபாடே இல்லை. அதற்காகச் சூழ்நிலை அவர்களைப் பாதிக்கவில்லை என்று சொல்வீர்களா?

அந்த 40ஐ யாரும் நேரடியாக அளந்ததும் இல்லை. மற்ற இரண்டையும் கழித்து மிஞ்சியது அது. மிச்சத்தில் அளவீட்டுப் பிழையும் இருக்கும், மரபணுவும் சூழ்நிலையும் ஒன்றோடொன்று கலந்து செய்யும் வேலையும் இருக்கும். நிக் பிரவுனும் ஜூலியா ரோரரும் 2019இல் இதை விரிவாக விமர்சித்து எழுதினார்கள். பின்னர் ஷெல்டனும் லூபோமிர்ஸ்கியுமே, இந்த மூன்று பங்கையும் காட்டும் வட்டப்படத்தை மறுபடி எடுத்துப் பார்த்து, அதன் எல்லைகளைச் சொல்லி எழுதினார்கள். ஆனால் பயிற்சி வகுப்புகளில் படம் மட்டும் அப்படியே ஓடுகிறது. அதை வைத்து உங்களை நீங்களே எடைபோட்டுக் கொள்ளாதீர்கள்.

---

சாளரம் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன புள்ளிப் பலகை கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. உங்களுக்கு நடந்தது உளவியலில் நன்றாக அறியப்பட்ட விஷயம்.

1971இல் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். சோமா என்ற கட்டைப் புதிர், இயல்பாகவே கையை இழுக்கும் விளையாட்டு. மூன்று அமர்வு. ஒரு குழுவுக்கு இரண்டாவது அமர்வில் மட்டும், விடுவிக்கும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர். ஒவ்வொரு அமர்விலும் நடுவில் அவர் அறையைவிட்டு 8 நிமிடம் வெளியே போய்விடுவார். மாணவர்கள் எதை வேண்டுமானாலும் செய்யலாம், பத்திரிகைகளும் கிடந்தன. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில் எவ்வளவு நேரம் புதிரைத் தொடுகிறார்கள் என்பதுதான் அவர் அளந்தது. காசு வாங்கிய குழு, காசு நின்ற மூன்றாவது அமர்வில், முன்பைவிடக் குறைவாகத்தான் புதிரைத் தொட்டது.

இரண்டு வருடம் கழித்து மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கனவே ஆசை உள்ள குழந்தைகள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் திடீரென்று தந்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் தரவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். திடீர்ப் பரிசு வாங்கிய குழந்தைகளின் ஆசை குறையவே இல்லை. ஆகவே பரிசே விஷம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "இது செய்தால் அது" என்று முன்பே போடும் பேரம்தான் ஆசையைத் தின்கிறது.

என் வகுப்பிலும் இதைக் கண்ணால் பார்க்கிறேன். படித்த புத்தகங்களின் எண்ணிக்கைக்கு நட்சத்திரம் ஒட்டினால், குழந்தைகள் மெல்லிய புத்தகமாகத் தேடுகிறார்கள். "அந்த யானைக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று நான் உட்கார்ந்து கேட்டால் தடிமனான புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

சாளரம் அம்மா சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன், இல்லாவிட்டால் படம் ஒருபக்கமாகிவிடும். இதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1994இல் ஜூடி கேமரனும் டேவிட் பியர்ஸும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, பரிசால் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு, அதாவது செயல் பிடித்திருப்பதால் மட்டுமே வரும் ஆர்வத்துக்கு, பெரிதாகக் கெடுதல் இல்லை என்றார்கள். 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரையன் மூவரும் 128 சோதனைகளைத் தொகுத்து, கெடுதல் உண்டு என்றார்கள். ஆனால் எல்லா வகைப் பரிசுக்கும் அல்ல. வாய்மொழிப் பாராட்டு ஆர்வத்தைக் கூட்டியது. முதலிலேயே சலிப்பான வேலை என்றால் இழக்க ஆர்வமே இல்லை, அதனால் பரிசு அதைக் கெடுக்கவும் இல்லை. 2014இல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பாய்வு எனக்கு மிகவும் பயன்பட்டது: எவ்வளவு செய்தோம் என்பதோடு பரிசுக்கு நெருக்கம் அதிகம், எவ்வளவு நன்றாகச் செய்தோம் என்பதோடு உள்ளார்ந்த ஊக்கத்துக்கு நெருக்கம் அதிகம்.

மென்பொருள் எழுதுவதில் எது முக்கியம் என்று நீலக்குடைக்குத் தெரியும்.

---

மலைப்பாதை எழுதியது:

இதைக் காட்டியே சம்பளத்தை ஏற்ற மறுக்கிறவர்களும் உண்டு, அதையும் சொல்லுங்கள். "உள்ளிருந்து வரும் ஊக்கம்தான் பெரிது" என்று சொல்லிவிட்டு நியாயமான கூலியைத் தராமல் இருப்பது எந்த உளவியல்?

---

ஓரிலை எழுதியது:

மலைப்பாதை, உங்கள் கோபம் சரியானது. டெசியும் ரிச்சர்ட் ரையனும் கட்டிய சுயநிர்ணயக் கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. போதாத கூலி, அநியாயமான கூலி இரண்டுமே மனிதரைக் கட்டுப்படுத்துகிற விஷயங்கள்தான். நான் மனநல ஆலோசனைப் பணியில் இருக்கிறேன். அன்றாடம் கைகொடுக்கும் கோட்பாடு என்றால் எனக்கு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மனிதருக்கு மூன்று அடிப்படை உளத்தேவைகள் உண்டு என்பது அதன் மையம். செய்வதை நானே ஏற்றுச் செய்கிறேன் என்ற தன்விருப்பம். எனக்கு இது கைவருகிறது என்ற திறமை உணர்வு. என்னை மதிக்கிற மனிதர்களோடு இருக்கிறேன் என்ற பிணைப்பு. தன்விருப்பம் என்றால் தனியாக நிற்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. அடுத்தவர் சொன்னதையே செய்தாலும், அதை மனதார ஏற்றுச் செய்தால் அதுவும் தன்விருப்பம்தான்.

அப்புறம், ஊக்கம் என்பது உள்ளே, வெளியே என்று இரண்டே பெட்டி அல்ல. நடுவில் படிகள் இருக்கின்றன. தண்டனைக்குப் பயந்தோ பரிசுக்கு ஆசைப்பட்டோ செய்வது ஒரு முனை. அடுத்த படியில் வெளியே யாரும் நிற்பதில்லை, ஆனால் குற்ற உணர்வு உள்ளே நின்று விரட்டுகிறது. என்னிடம் வருகிறவர்களில் மிகவும் களைத்துப் போனவர்கள் பெரும்பாலும் இந்தப் படியில் இருக்கிறார்கள். "நான்தானே ஒப்புக்கொண்டேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே" என்பார்கள். அதற்கும் அடுத்தது, வேலை பிடிக்காவிட்டாலும் அதன் மதிப்பை உணர்ந்து செய்வது. குழந்தைக்கு ராத்திரி மருந்து கொடுக்க எழுந்திருக்கும் தாய்க்கு அது இன்பமான வேலை இல்லை; ஆனால் அவரிடம் ஊக்கம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? எல்லா வேலையும் இனிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை. அந்த வேலை உங்கள் மதிப்புகளோடு ஒட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

நீலக்குடை, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த வெறுமை வேலையில் மட்டும்தானா, எல்லாவற்றிலுமா? தூக்கம், பசி, மனிதர்களோடு பேசும் ஆசை எப்படி இருக்கின்றன? பெரும்பாலான நேரம் மனம் கனத்தோ எதிலும் நாட்டமில்லாமலோ 2 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது வேறு விஷயம். மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும், குறிப்பேடு அதற்கு மருந்தாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தாலோ 2 வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. கோரி கீஸ் என்ற சமூகவியலாளர் மனநோயையும் மனநலத்தையும் இரண்டு தனித்தனி அளவுகோல்களாகக் காட்டினார். நோய் எதுவும் இல்லாமலே ஒருவர் செழிப்பின்றித் தேங்கிக் கிடக்கலாம். நோய் இருந்துகொண்டே அர்த்தமுள்ள வாழ்க்கையும் வாழலாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் மேலே பேச முடியும்.

---

மலைப்பாதை எழுதியது:

நன்றி ஓரிலை. நான் சிடுசிடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அண்ணன் ஒரு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் சொல்லும் ஆறுதல் எப்போதும் ஒன்றேதான்: "எல்லாம் பழகிவிடும். லாட்டரியில் ஜெயித்தவனும் விபத்தில் காலை இழந்தவனும் ஒரு வருடத்தில் ஒரே அளவு மகிழ்ச்சியாகிவிடுகிறார்கள் என்று ஆராய்ச்சியே சொல்கிறது." அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். அவர்கள் போன பிறகு வெகுநேரம் பேசமாட்டார்.

அதனால் அந்த ஆராய்ச்சியைத் தேடிப் படித்தேன். 1978இல் பிலிப் பிரிக்மனும் இரண்டு பேரும் செய்தது. லாட்டரியில் வென்றவர்கள் 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்தவர்கள் 29 பேர், ஒப்பிட 22 பேர். இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்று 0 முதல் 5 வரையான அளவில் கேட்டார்கள். லாட்டரிக்காரர்கள் சராசரி 4.00, சாதாரண ஆட்கள் 3.82, விபத்துக்குள்ளானவர்கள் 2.96. எங்கே ஒரே அளவு? லாட்டரிக்காரர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை என்பது உண்மை. விபத்துக்குள்ளானவர்கள் பலர் நினைப்பது போல அதலபாதாளத்தில் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் குறைவாகத்தான் இருந்தார்கள், அது அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. இன்னொன்று: அது ஒரே ஒரு தடவை எடுத்த அளவு. அதே ஆட்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தது அல்ல.

தொடர்ந்து பார்த்தவர் ரிச்சர்ட் லூகாஸ். ஒரே ஆட்களை ஆண்டுதோறும் கேட்கும் பெரிய கணக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டார். கடுமையான உடற்குறைபாடு வந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி இறங்கியது, பழைய இடத்துக்குத் திரும்பி ஏறவில்லை. வேலை இழந்தவர்கள், மறுபடி வேலை கிடைத்த பிறகும்கூட, சராசரியில் பழைய நிலைக்கு முழுதாக வரவில்லை. 2006இல் எட் டீனர், லூகாஸ், கிறிஸ்டி ஸ்கோலன் மூவரும் இந்த "எல்லாம் பழகிவிடும்" கோட்பாட்டைத் திருத்தி எழுதினார்கள்: எல்லோருக்கும் ஒரே அடிநிலை (மகிழ்ச்சி ஏறி இறங்கித் திரும்பி வந்து நிற்கும் இடம்) இல்லை, அடிநிலை மாறவும் கூடும், ஆளுக்கு ஆள் பழகுவதும் வேறுபடும்.

இதைப் படித்த பிறகு அண்ணனிடம் காட்டினேன். "அப்போ எனக்குக் கஷ்டமா இருக்கறது என் தப்பு இல்ல" என்றார். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் போதும்.

---

புதுத்துளிர் எழுதியது:

படிக்கப் படிக்க ஒரே குழப்பம். 40 சதவீதம் சரியில்லை, லாட்டரி கதை சரியில்லை. அப்படியென்றால் நேர்மறை உளவியலே வெறும் வியாபாரமா? நான் இதில் மேற்படிப்பு சேரலாம் என்று இருக்கிறேன்.

---

ஓரிலை எழுதியது:

சேருங்கள், தாராளமாகச் சேருங்கள். அது உருவான காரணத்தைப் பாருங்கள். உளவியல் நெடுங்காலம் நோயையும் காயத்தையும் மட்டுமே படித்தது. ஆபிரகாம் மாஸ்லோ 1954இலேயே "நேர்மறை உளவியல்" என்று எழுதினார். 1998இல் மார்ட்டின் செலிக்மன் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது அதை ஒரு இயக்கமாக்கினார். 2000இல் அவரும் மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் சேர்ந்து அந்தத் துறையின் அறிமுக உரையை எழுதினார்கள். கேள்வி இதுதான்: வாழ்க்கையை வாழத்தக்கதாக்குவது எது? இது நியாயமான கேள்வி, அறிவியல் தொட வேண்டிய கேள்வி.

விடைகளும் கிடைத்திருக்கின்றன. எட் டீனர் 1984இல் நல்வாழ்வை அளக்கத்தக்க வடிவில் வைத்தார்: வாழ்க்கையைப் பற்றி ஒருவர் தரும் மதிப்பீடு, அன்றாடம் வரும் இனிய உணர்வுகள், அரிதாக வரும் கசப்பான உணர்வுகள். கரோல் ரிஃப் 1989இல், இன்பம் மட்டும் போதாது, தன்னை ஏற்றுக்கொள்வது, வாழ்க்கைக்கு ஒரு நோக்கம், வளர்ச்சி, நல்ல உறவுகள் உட்பட ஆறு பக்கங்கள் உண்டு என்று காட்டினார். செலிக்மன் 2011இல் தந்த பெர்மா என்ற ஐந்து கூறுகளும் (இனிய உணர்வு, ஈடுபாடு, உறவுகள், அர்த்தம், சாதனை) இந்த வழியில் வந்தவைதான். 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்ட் நீள்கால ஆய்வு அன்பான உறவுகளுக்கு எவ்வளவு எடை தருகிறது என்பது தெரிந்ததே. அது முதலில் ஆண்களை மட்டுமே எடுத்துக்கொண்ட ஆய்வு என்பதையும் மறக்க வேண்டாம்.

தவறானவற்றை இந்தத் துறை சும்மா விடவும் இல்லை. இனிய உணர்வுகள் பார்வையை அகலப்படுத்தும் என்ற பார்பரா ஃப்ரெட்ரிக்சனின் கருத்து நல்ல கருத்து. ஆனால் 2005இல் மார்சியல் லொசாடாவோடு சேர்ந்து எழுதியதில், ஒரு கசப்புக்கு 2.9013 இனிமை இருந்தால்தான் மனிதர் செழிப்பார் என்று ஒரு கணக்கு வந்தது. மேற்படிப்பு மாணவராக இருந்த நிக் பிரவுனுக்கு அது பொருந்தவில்லை. ஆலன் சோகல், ஹாரிஸ் ஃப்ரீட்மன் இருவரோடும் சேர்ந்து அந்தக் கணிதம் செல்லாது என்று 2013இல் காட்டினார். அந்தக் கணிதப் பகுதி திரும்பப் பெறப்பட்டது. ஒரு மாணவரின் சந்தேகம் இவ்வளவு தூரம் போக முடிகிற துறையில் சேர்வதற்குத் தயங்காதீர்கள்.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

புதுத்துளிருக்கு என் பங்கு. தனித்தனிப் பயிற்சிகளின் பலன் பெரும்பாலும் சிறியது. சிறியது என்றால் இல்லை என்று பொருளல்ல. செலிக்மன் குழு 2005இல் மூன்று நல்ல விஷயங்கள் எழுதும் பயிற்சியைச் சோதித்தது; ஒரு வாரம் எழுதச் சொன்னதன் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. அதைத் தாமாகத் தொடர்ந்தவர்களிடம்தான் அது நிலைத்தது. லூபோமிர்ஸ்கி குழுவின் ஒரு ஆய்வில் வாரம் ஒரு முறை நன்றிக் குறிப்பு எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. நீலக்குடைக்குத் தினமும் எழுதி அலுத்துப்போனதில் வியப்பே இல்லை.

எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது என்பதும் தெரிந்த விஷயம். ஜோன் வுட் 2009இல் காட்டினார்: "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, தன்மதிப்பு குறைவாக உள்ளவர்களின் மனநிலை இன்னும் இறங்கியது. யாருக்கு அந்த வாக்கியம் தேவை என்று நினைக்கிறோமோ அவர்களையே அது காயப்படுத்தியது. மகிழ்ச்சியை மிகப் பெரிதாக மதிக்கும்படி தூண்டப்பட்டவர்கள், நல்ல தருணத்திலும் ஏமாற்றத்தையே உணர்ந்தார்கள் என்பது ஐரிஸ் மாஸ் குழுவின் 2011 ஆய்வு.

---

நீலக்குடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஓரிலை அக்கா கேட்டதற்குப் பதில்: தூக்கம் நன்றாக இருக்கிறது, பசியும் உண்டு. அக்கா மகளோடு விளையாடினால் நேரம் போவது தெரியவில்லை. வெறுமை வேலையைச் சுற்றி மட்டும்தான். மலைப்பாதை, உங்கள் அண்ணன் சொன்னதை நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிகிறது. புள்ளியை நிர்ணயிப்பது மேலே யாரோ. எது கடினம், எது எளிது என்று எங்களை யாரும் கேட்பதில்லை. அடுத்த மாதம் விதி மாறினாலும் அறிவிப்பு மட்டும்தான் வரும். போகப்போக, "என்ன செய்து என்ன" என்ற நினைப்பு. இதற்கும் ஊக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

---

ஓரிலை எழுதியது:

நேரடித் தொடர்பு. நான் முதலிலேயே சொல்ல நினைத்ததும் இதுதான்.

1967இல் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை (படிக்கவே மனம் கனக்கும், இன்று அதை அனுமதிக்கவும் மாட்டார்கள்). இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு மின்னதிர்ச்சி. முதல் குழு தலையால் ஒரு பலகையை அழுத்தி அதை நிறுத்தலாம். இரண்டாவது குழு என்ன செய்தாலும் நிற்காது. முதல் குழு நிறுத்தும்போதுதான் அதற்கும் நிற்கும். பிறகு, தாண்டிக் குதித்தால் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதல் குழு தப்பியது. இரண்டாவது குழுவில் பெரும்பாலானவை முயலாமல் கிடந்தன. "எதுவும் என் கையில் இல்லை என்று அவை கற்றுக்கொண்டன" என்று விளக்கினார்கள். கற்றுக்கொண்ட கையறுநிலை என்று பாடப் புத்தகங்களில் ஏறியது.

கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு கழித்து, மூளை ஆய்வுக்குப் போன மேயரும் செலிக்மனும் 2016இல் அதைத் திருப்பிப் போட்டு எழுதினார்கள். நீண்ட துன்பத்துக்கு உடல் தரும் இயல்பான பதிலே செயலற்றுப்போவதுதான், அதைக் கற்க வேண்டியதில்லை. கற்கப்படுவது எதிர்ப்புறம்: "இதை நான் மாற்ற முடியும்" என்பது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி அந்தக் கட்டுப்பாட்டைக் கண்டுகொண்டால், செயலற்றுப்போகச் செய்யும் பகுதியை அது அடக்குகிறது. ஒருமுறை கட்டுப்பாட்டை அனுபவித்த விலங்குகள் பின்னால் வந்த துன்பத்திலும் எளிதில் சோரவில்லை.

இதை முழுக்க மனிதருக்கு ஒட்டிவிட முடியாதுதான். ஆனாலும் என் பணியில் இது என் கேள்வியையே மாற்றிவிட்டது. சோர்ந்து வருகிறவரிடம் "ஏன் உங்களுக்கு ஊக்கம் இல்லை?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "எந்த இடத்தில் நீங்கள் செய்வதால் எதாவது மாறுகிறது?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் அப்படி ஒரு இடம்கூட மிஞ்சாதபடி அவர்கள் நாள் அமைந்திருக்கும். அவர்களுடைய மனதைப் பழுதுபார்ப்பதற்கு முன் அந்த நாளைப் பழுதுபார்க்க வேண்டும்.

---

நடைவண்டி எழுதியது:

தாமதமாக வருகிறேன். நீலக்குடை முதல் பதிவில் "நேரம் போவதே தெரியாது" என்றாரே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுதான் சிக்சென்ட்மிஹாய் 1970களிலிருந்து ஆராய்ந்த லயிப்பு. நான் இசை கற்றுத் தருபவன், எனக்கு இது சோறு போடும் விஷயம்.

லயிப்பு வர, வேலை நம் திறமையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். எளிதானால் சலிப்பு, எட்டாததானால் பதற்றம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா என்று வேலையே உடனுக்குடன் சொல்ல வேண்டும்: சுருதி விலகினால் காதுக்கே தெரியும், நிரல் ஓடாவிட்டால் திரையிலேயே தெரியும். புள்ளிப் பலகை இந்த மூன்றாவதைப் பறிக்கிறது. கவனம் வேலையிலிருந்து எண்ணுக்கு ஓடிவிடுகிறது. மாணவர்கள் போட்டிக்குத் தயாராகும் மாதங்களில் இதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பாட்டை விட்டுவிட்டு நடுவரின் முகத்தைப் பாடுகிறார்கள்.

1989இல் சிக்சென்ட்மிஹாயும் ஜூடித் லெஃபீவரும் ஊழியர்களிடம் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள் என்று எழுத வைத்தார்கள். லயிப்புக்கு உகந்த தருணங்கள் ஓய்வு நேரத்தைவிட வேலையில்தான் மிக அதிகமாக வந்தன. ஆனால் அதே ஆட்கள் வேலை நேரத்தில், வேறு எதாவது செய்துகொண்டிருக்கலாமே என்று விரும்பினார்கள். செய்யும் செயலைவிட, யாருக்காக, யார் விருப்பத்தில் செய்கிறோம் என்பது எவ்வளவு கனக்கிறது பாருங்கள்.

---

புதுத்துளிர் எழுதியது:

அப்படியானால் இப்போது அவர் என்ன செய்யலாம்? ஊக்கம் வரும்வரை காத்திருப்பதா?

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

காத்திருக்க வேண்டாம். சின்னதாக ஆரம்பித்தால் ஊக்கம் பின்னால் வரலாம். மனச்சோர்வுக்குத் தரும் செயலூக்கச் சிகிச்சையும் இந்த வழியில்தான் போகிறது. வீட்டில் கிடக்கும் அந்த நிரலுக்கு ஒன்று சொல்வேன்: பீட்டர் கோல்விட்சரின் "இது நடந்தால் இதைச் செய்வேன்" முறை. "நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்" என்பதைவிட, "ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் கணினியைத் திறந்து ஒரே ஒரு வரியைத் திருத்துவேன்" என்பது வேலை செய்யும். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்தபோது இதன் பலன் நடுத்தரத்துக்கும் கொஞ்சம் மேலாக வந்தது. இந்தத் துறையில் அது நல்ல அளவு.

வெற்றியை மட்டும் கற்பனை செய்துகொண்டு உட்காராதீர்கள். கேப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வுகளில் இனிய எதிர்காலக் கற்பனையில் அதிகம் திளைத்தவர்கள் குறைவாகவே முயன்றார்கள். விருப்பத்தை நினைத்த கையோடு குறுக்கே நிற்கும் தடையையும் நினைக்கச் சொல்கிறார். "21 நாளில் பழக்கம்" என்பதையும் மறந்துவிடுங்கள். ஃபிலிப்பா லாலி குழு 2010இல் பார்த்ததில் நடுமதிப்பு 66 நாள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

---

சாளரம் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் பலகை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க, தம்பி மட்டும் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டுமா? ஓரிலை சொன்னது போல நாளைச் சரிசெய்ய வேண்டும் என்றால் அந்தப் பலகையைப் பற்றியும் பேச வேண்டும்.

---

நடைவண்டி எழுதியது:

அம்மா, பலகை பிடித்தவர்களும் அங்கே இருப்பார்கள். போட்டியில் மலர்கிற மாணவர்கள் என்னிடமும் உண்டு. ஒட்டுமொத்தமாக எடுத்துவிடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

சாளரம் எழுதியது:

விரும்புகிறவர் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும். பெயரைப் போடாமல் இருக்க ஒருவருக்கு உரிமை இல்லையென்றால் அதைப் போட்டி என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

---

நீலக்குடை எழுதியது:

குழுத் தலைவரிடம் பேசினேன். குறை சொல்வதாக இல்லாமல், மூன்று தேவைகளையும் வைத்துப் பேசினேன். அடுத்த மாதம் சோதனையாகச் சிலவற்றை மாற்றலாம் என்றார்: பலகையில் பெயர் போடுவது அவரவர் விருப்பம், எந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் குழுவே உட்கார்ந்து முடிவு செய்யும், வாரத்தில் ஒரு மதியம் யார் எதை வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம், அதற்குப் புள்ளியே கிடையாது. பரிசு தொடரும். பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார். எல்லோருக்கும் ஒரு கருத்துப் படிவம் அனுப்பலாம் என்பது அவர் யோசனை.

---

எண்ணும்எழுத்தும் எழுதியது:

படிவம் அனுப்புவதானால் மாற்றத்துக்கு முன்னும் ஒரு முறை அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. பெயர் கேட்க வேண்டாம். டீனர் குழு 1985இல் தந்த வாழ்க்கைத் திருப்தி அளவுகோல் ஐந்தே வாக்கியம்தான், ஆனால் அது முழு வாழ்க்கையையும் அளப்பது. ஒரு மாதத்து அலுவலக மாற்றம் அதில் தெரியாது. வேலையைப் பற்றியே நேராகக் கேளுங்கள்: இந்த வாரம் எதையாவது நீங்களே தேர்ந்து செய்தீர்களா, எதாவது கைவந்ததாக உணர்ந்தீர்களா, உங்கள் பேச்சை யாராவது கேட்டார்களா.

---

சாளரம் எழுதியது:

படிவத்தைவிட நல்ல வழி டெசியின் அந்த 8 நிமிடம்தான், தம்பி. புள்ளி இல்லாத அந்த மதியத்தில் யார் எதை எடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். குறிப்பாக, பலகையில் ஒருபோதும் ஏறாத வேலைகளை: பழைய நிரலைச் சுத்தம் செய்வது, புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது, விளக்கக் குறிப்பு எழுதுவது. அவற்றை யாராவது தொட ஆரம்பித்தால் தலைவரிடம் சொல்லுங்கள். அவற்றுக்கும் புள்ளி போட்டுவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

நீலக்குடை எழுதியது:

சரி அம்மா, அப்படியே சொல்கிறேன். முதல் மதியத்துக்கு நான் எடுக்கப் போவது அந்தப் பழைய நிரல்தான். யாரும் கேட்காத ஒரு பிழை அதில் வெகு காலமாக இருக்கிறது. மாதம் முடிந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.